முதல் நிமிடத்தின் மதிப்பு: காமா கதிர் வெடிப்புகளைத் துரத்தும் தொலைநோக்கிகள்

1999 ஜனவரி 23 அதிகாலை. அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலம், லாஸ் அலமோஸ். கேனன் டெலிபோட்டோ லென்ஸ்கள் நான்கை ஒரே சட்டத்தில் பூட்டிச் செய்த சிறு தானியங்கிக் கருவி ஒன்று அங்கே இருந்தது, பெயர் ரோட்ஸி. எக்ஸ் கதிரைவிட ஆற்றல் மிகுந்த, கண்ணுக்குத் தெரியாத காமா கதிர் வானின் ஓரிடத்திலிருந்து சிறிது நேரம் பீறிடுவதே காமா கதிர் வெடிப்பு. வானில் இன்ன திசையில் அப்படி ஒன்று தொடங்கியிருக்கிறது என்ற செய்தி இணையம் வழியாக அதற்கு வந்தது. யாரையும் எழுப்பாமல், யாரிடமும் அனுமதி கேட்காமல் கருவி தானாகத் திரும்பியது. வெடிப்பு தொடங்கிய 22ஆவது விநாடியில் முதல் படத்தை எடுக்க ஆரம்பித்துவிட்டது. 47ஆவது விநாடியில் எடுத்த படத்தில் அந்தப் புள்ளியின் பொலிவு ஒன்பதாம் தரத்தை எட்டியிருந்தது (தர எண் குறையக் குறைய வெளிச்சம் கூடும்; வெறுங்கண்ணுக்கு எல்லை சுமார் ஆறு). நல்ல இருட்டான இடத்தில் இருந்தவர் சாதாரண பைனாகுலரிலேயே பார்த்திருக்கலாம். பத்து நிமிடத்துக்குள் அது நூறு மடங்குக்கும் மேல் மங்கிப்போனது. பின்னர் பெரிய தொலைநோக்கிகள் அளந்து சொன்னபோதுதான் தெரிந்தது, அந்த ஒளி நம்மிடம் வந்துசேர 900 கோடி ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது என்று.

ஆண்டு, மாதம், தேதியை வைத்தே இந்த வெடிப்புகளுக்குப் பெயரிடுகிறார்கள். அதனால் இது ஜிஆர்பி 990123; காமா கதிர் வெடிப்பு என்பதன் ஆங்கிலச் சுருக்கமே ஜிஆர்பி. ஒரே நாளில் பல வந்தால் பின்னால் ஏ, பி என்று எழுத்துச் சேர்த்தார்கள்; 2010 முதல் ஒன்றே வந்தாலும் ஏ சேர்கிறது.

காமா கதிர் வெடிப்பைப் பற்றிய பேச்சு வழக்கமாக அதன் ஆற்றலில்தான் தொடங்கும். அந்த ஆற்றல் மலைக்க வைப்பது, மறுக்கவில்லை. ஆனால் இத்துறையின் வரலாற்றைப் புரிந்துகொள்ள வேறோர் அளவுகோல் இதைவிடப் பயன்படும் என்று நினைக்கிறேன். வெடிப்பு தொடங்கியதற்கும், ஒரு தொலைநோக்கி சரியான இடத்தைப் பார்த்ததற்கும் இடையே எவ்வளவு நேரம் கழிந்தது என்பதே அது. முதலில் அது ஆண்டுக்கணக்கில் இருந்தது. பிறகு மணிக்கணக்கு, இப்போது விநாடிக்கணக்கு. அந்த இடைவெளி குறைந்த ஒவ்வொரு முறையும் நிலைபெற்றிருந்த ஏதோ ஒரு கருத்து உடைந்திருக்கிறது.

ஆரம்பம் வானியலில் இல்லை, அணு ஆயுத அரசியலில் இருக்கிறது. 1963இல் கையெழுத்தான ஒப்பந்தம் வளிமண்டலத்திலும் விண்வெளியிலும் அணுகுண்டுச் சோதனை செய்வதைத் தடை செய்தது. மறைவாக யாரேனும் சோதிக்கிறார்களா என்று கண்காணிக்க அமெரிக்கா வேலா என்ற செயற்கைக்கோள்களை இணை இணையாக ஏவியது. அணுகுண்டு வெடித்தால் காமா கதிர் வரும். அதைப் பிடிப்பதே அவற்றின் வேலை. 1967 ஜூலை 2 அன்று காமா கதிர் வந்தது, ஆனால் அதன் ஏற்ற இறக்கம் எந்த அணுகுண்டுக்கும் பொருந்துவதாக இல்லை. லாஸ் அலமோஸ் ஆய்வகத்தின் ரே கிளீபெசாடல் குழுவினர், ஒரே வெடிப்பு வெவ்வேறு வேலாக்களைச் சேர்ந்த நேரங்களில் இருந்த சிறு வேறுபாட்டைக் கொண்டு திசையைக் கணக்கிட்டார்கள். வந்த திசை பூமியும் இல்லை, சூரியனும் இல்லை. 1969 முதல் 1972 வரை பதிவான 16 வெடிப்புகளைப் பற்றி 1973இல் கட்டுரை வெளியிட்டார்கள். முதல் பதிவுக்கும் உலகம் அதை அறிந்ததற்கும் இடையே ஆறு ஆண்டுகள். எந்தத் தொலைநோக்கி எங்கே திரும்பினாலும் பயனில்லாத காலம் அது.

அடுத்த கால் நூற்றாண்டு ஏன் ஏறக்குறைய இருட்டிலேயே கழிந்தது என்பதற்குக் காமா கதிரின் இயல்பே காரணம். நம் வளிமண்டலம் அதைத் தடுத்துவிடுகிறது. எனவே நேரடியாகப் பிடிக்க விண்வெளிக்குப் போக வேண்டும். போனாலும், கண்ணாடியாலோ லென்ஸாலோ அதைக் குவிக்க முடியாது, ஊடுருவிச் சென்றுவிடும். குவிக்க முடியாவிட்டால் படம் கிடையாது. படம் இல்லாவிட்டால் வந்த இடம் தெரியாது. 1991இல் ஏவப்பட்ட காம்ப்டன் ஆய்வகத்தின் பேட்ஸி கருவி எட்டு மூலைகளிலும் எட்டு உணரிகளை வைத்து, எந்த உணரியில் எவ்வளவு விழுந்தது என்று ஒப்பிட்டுத் திசையை ஊகித்தது. பிழை சில பாகைகள். நான்கு பாகை ஆரமுள்ள வட்டத்துக்குள் முழு நிலவுகளை இருநூறுக்கு மேல் அடுக்கிவிடலாம். அவ்வளவு பெரிய பரப்பில், மங்கிக்கொண்டே போகும் ஒரு புள்ளியை எங்கே தேடுவது?

ஆனாலும் பேட்ஸி இரண்டு பெரிய உண்மைகளைத் தந்தது. ஒன்பது ஆண்டுகளில் அது பதிவு செய்த 2,704 வெடிப்புகளை வான வரைபடத்தில் இட்டபோது, அவை எல்லாத் திசையிலும் சமமாகப் பரவியிருந்தன. நமது பால்வீதியின் தட்டையை ஒட்டிக் கூடவில்லை. மற்றொன்று, அவற்றின் கால அளவு. 2 விநாடியை எல்லையாக வைத்தால் குறுகியவை, நீண்டவை என இரு கூட்டமாகப் பிரிந்தன. 1993இல் கிரிஸ்ஸா குவேலியோட்டு குழுவினர் இதை நிறுவினார்கள். சமமான பரவலைக் கண்ட பின்னும் தூரத்தைப் பற்றிய சண்டை ஓயவில்லை. 1995 ஏப்ரலில் வாஷிங்டனில் நடந்த பொது விவாதத்தில், வெடிப்புகள் பல நூறு கோடி ஒளியாண்டுகளுக்கு அப்பால் நடக்கின்றன என்று போக்டான் பச்சின்ஸ்கியும், பால்வீதியைச் சூழ்ந்த ஒளிவட்டப் பகுதியிலேயே நடக்கின்றன என்று டான் லேம்பும் வாதாடினார்கள். இரண்டு கணிப்புகளுக்கும் இடையே தூரத்தில் ஆயிரக்கணக்கான மடங்கு வித்தியாசம். அறிவியலில் இவ்வளவு பெரிய பள்ளத்தின் இரு கரைகளிலும் தகுதியான ஆட்கள் நின்று பேசியது அபூர்வம். எந்தக் கணக்காலும் தீராத வழக்கு அது. துல்லியமான ஓர் இடம் கிடைத்தால் மட்டுமே தீரும்.

தீர்த்து வைத்தது இத்தாலி, நெதர்லாந்து நாடுகளின் பெப்போசாக்ஸ் செயற்கைக்கோள். 1997 பிப்ரவரி 28 அன்று ஒரு வெடிப்பை அதன் அகன்ற புலக் கேமரா பிடித்தது. ரோமில் என்ரிகோ கோஸ்டா குழு எட்டு மணி நேரத்தில் செயற்கைக்கோளைத் திருப்பி, அதன் எக்ஸ் கதிர் தொலைநோக்கியை அங்கே குறிவைத்தது. புதிய எக்ஸ் கதிர்ப் புள்ளி ஒன்று அங்கே இருந்தது. மூன்று நாளில் அது வெகுவாக மங்கியது. அதே இரவில் கேனரித் தீவுக்கூட்டத்தின் லா பால்மாவில் உள்ள 4.2 மீட்டர் வில்லியம் ஹெர்ஷல் தொலைநோக்கி எடுத்த படத்தில் ஒரு புள்ளி தெரிந்தது. ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தில் அதைக் காணவில்லை. இதுதான் பின்னொளிர்வு. வெடிப்பிலிருந்து ஒளியின் வேகத்தை நெருங்கிப் பாயும் பொருள் சுற்றியுள்ள வாயுவில் மோதி, எலக்ட்ரான்களை முடுக்கிவிட, அவை காந்தப்புலத்தில் சுழன்று எக்ஸ் கதிர் முதல் ரேடியோ வரை எல்லா அலைநீளத்திலும் ஒளிரும். காமா கதிர் சில விநாடியில் அடங்கிவிட்டாலும் இந்த ஒளிர்வு நாட்கணக்கில், ரேடியோவில் மாதக்கணக்கில்கூட நீடிக்கும். அதே ஆண்டு மே மாதம் வந்த ஜிஆர்பி 970508இன் பின்னொளிர்வை ஹவாயின் கெக் தொலைநோக்கி நிறமாலையாகப் பிரித்தது. பிரபஞ்ச விரிவால் ஒளியின் அலைநீளம் நீண்டு சிவப்புப் பக்கம் நகர்ந்த அளவான செம்பெயர்ச்சி குறைந்தது 0.835. பல நூறு கோடி ஒளியாண்டுகள். பச்சின்ஸ்கி சொன்னதே சரி என்றாயிற்று.

பின்னொளிர்வு எப்படி மங்குகிறது என்பதில்தான் இத்துறையின் பொருளாதாரமே அடங்கியிருக்கிறது. பொதுவாக, கழிந்த நேரம் பத்து மடங்கானால் வெளிச்சம் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்காகிவிடும். இதை ஒரு கணக்காகப் போட்டுப் பாருங்கள். ஒரு நாளில் 1,440 நிமிடங்கள். எனவே முதல் நிமிடத்தில் இருந்த வெளிச்சம் மறுநாள் அதே நேரத்தில் ஏறத்தாழ 1,440இல் ஒரு பங்கு. தொலைநோக்கி ஒளியைச் சேகரிக்கும் திறன் அதன் விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 1,440இன் வர்க்கமூலம் 38. ஆக, முதல் நிமிடத்தில் பார்க்கும் 40 செ.மீ. தொலைநோக்கிக்குக் கிடைக்கும் ஒளி, மறுநாள் பார்க்கும் 15 மீட்டர் தொலைநோக்கிக்குக் கிடைப்பதற்குச் சமம். அப்படியொரு 15 மீட்டர் ஒளியியல் தொலைநோக்கி இன்று உலகில் எங்கும் இயங்கவில்லை. உண்மையான வெடிப்புகள் இந்தக் கணக்கைவிட ஒழுங்கற்றவை; முதல் சில நிமிடங்களில் ஏறி இறங்கி ஆடும். ஆனாலும் சிறிய, விரைவான, தானாக இயங்கும் கருவிகளில் பணம் போடுவது ஏன் வீண் இல்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான காரணம் எனக்குத் தெரியவில்லை.

ரோட்ஸிக்கு அன்று செய்தி எப்படிப் போனது என்பது தனிக் கதை. காம்ப்டன் ஆய்வகம் தரவை நாடாவில் பதிந்து வைத்து, பிறகு மொத்தமாக இறக்கும்படி வடிவமைக்கப்பட்டிருந்தது. 1992இல் அந்த நாடாக் கருவிகள் பழுதடைந்தன. வேறு வழியின்றித் தரவை இடைநிலைச் செயற்கைக்கோள்கள் வழியாக உடனுக்குடன் இறக்க வேண்டியதாயிற்று. நாசாவின் காடர்ட் மையத்தில் ஸ்காட் பார்தெல்மி அதை வாய்ப்பாக எடுத்துக்கொண்டார். தரவு உடனே தரைக்கு வருகிறது என்றால் வெடிப்பின் திசையையும் உடனே கணக்கிடலாம், உடனே உலகுக்கு அனுப்பலாம். இப்படிப் பிறந்த வலையமைப்புதான் இன்று ஜிசிஎன். அதில் போவது இரு வகைச் செய்திகள். முதல் வகை இயந்திரம் இயந்திரத்துக்கு அனுப்புவது. சில விநாடிகளில் போய்ச் சேரும். இரண்டாம் வகை மனிதர்கள் எழுதும் சிறு குறிப்புகள்: நாங்கள் பார்த்தோம், இவ்வளவு பொலிவு, அல்லது பார்த்தோம், ஒன்றும் இல்லை. எல்லாமே பொதுவில். யார் வேண்டுமானாலும் பெற்றுக்கொள்ளலாம், கட்டணம் இல்லை. போட்டி மிகுந்த துறை இது. முதலில் கண்டவருக்கே பெயர். அப்படியிருந்தும் கண்டதைச் சில மணி நேரத்துக்குள் எதிராளிக்கும் சொல்லிவிடுவது வழக்கமாகிவிட்டது. சொல்லாமல் வைத்துக்கொண்டால் அதற்குள் ஒளி போய்விடும், யாருக்கும் கிடைக்காது. அறிவியலாளர்களின் பெருந்தன்மையை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் இந்தத் திறந்த பழக்கத்தை வளர்த்ததில் மங்கும் ஒளியின் அவசரத்துக்கும் பங்குண்டு.

துல்லியமும் வேகமும் ஒரே கூரையின் கீழ் வந்தது 2004 நவம்பர் 20 அன்று ஏவப்பட்ட ஸ்விஃப்ட்டில். காமா கதிரைக் குவிக்க முடியாது என்ற சிக்கலை அது நிழலைக் கொண்டு தீர்க்கிறது. ஜன்னல் கம்பியின் நிழல் தரையில் விழும் இடத்தைப் பார்த்தே வெயில் எந்தப் பக்கமிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம் அல்லவா, அதே வழிதான். ஸ்விஃப்ட்டின் பேட் கருவியில், தாறுமாறான ஒழுங்கில் ஒட்டிய ஐம்பதாயிரத்துக்கும் மேற்பட்ட சிறு ஈயச் சில்லுகள் கொண்ட பலகை மேலே இருக்கிறது. அதன் கீழே 32,768 உணரித் துண்டுகள். ஒவ்வொரு திசையிலிருந்து வரும் கதிரும் தனக்கே உரிய நிழல் கோலத்தை அந்த உணரிகள்மேல் விழச் செய்கிறது; செயற்கைக்கோளின் கணினி அந்தக் கோலத்தைத் திசையாக மாற்றுகிறது. சில கலைகள் வரை, அதாவது ஒரு பாகையின் அறுபதில் சில பங்குகள் வரை, துல்லியம். உடனே முழுச் செயற்கைக்கோளும் தரையின் கட்டளைக்குக் காத்திராமல் அந்தத் திசைக்குத் திரும்பும். ஒன்றரை நிமிடத்துக்குள் எக்ஸ் கதிர் தொலைநோக்கியும், 30 செ.மீ. புற ஊதா, ஒளியியல் தொலைநோக்கியும் இடத்தைச் சில விகலைகளுக்குள் (விகலை என்பது கலையின் அறுபதில் ஒரு பங்கு) குறித்துவிடும். அந்த அளவு சிறிய இடம் கிடைத்தால்தான் சிலியின் விஎல்டி போன்ற 8 மீட்டர் தொலைநோக்கியின் ஒடுங்கிய பிளவுக்குள் ஒளியை விழவைத்து நிறமாலை எடுக்க முடியும். விஎல்டியில் இதற்கென்றே ஓர் ஏற்பாடு உண்டு: எச்சரிக்கை வந்தால் ஓடிக்கொண்டிருக்கும் வேறொருவரின் அவதானிப்பு நிறுத்தப்பட்டு, தொலைநோக்கி வெடிப்பை நோக்கித் திரும்பும்.

விரைவாகத் திரும்புவதைவிடவும் விரைவானது ஒன்றுதான்: முன்பே அங்கே பார்த்துக்கொண்டிருப்பது. 2008 மார்ச் 19 அன்று அது நடந்தது. ஸ்விஃப்ட் ஒரு வெடிப்பை அறிவித்தது. தரையிலிருந்த கருவிகள் அதை நோக்கித் திரும்பின. அரை மணி நேரத்தில், அங்கிருந்து சுமார் பத்துப் பாகை தள்ளி இன்னொன்று வெடித்தது. சிலியில் பை ஆஃப் த ஸ்கை என்ற போலந்துக் கேமராவும், டார்டோரா என்ற அகன்ற புலக் கேமராவும் முதல் வெடிப்புக்காக அந்தப் பக்கமே பார்த்திருந்ததால், இரண்டாவதின் ஒளியைத் தொடக்கத்திலிருந்தே பதிவு செய்தன. ஜிஆர்பி 080319பி எனப்படும் அதன் உச்சப் பொலிவு 5.3ஆம் தரம். சுவாதி விண்மீன் இருக்கும் பூட்டிஸ் மண்டலத்தை இருட்டான இடத்திலிருந்து அந்நேரம் யாராவது பார்த்திருந்தால், எந்தக் கருவியும் இல்லாமல் அரை நிமிடத்துக்கு ஒரு புதிய புள்ளியைக் கண்டிருப்பார். தூரம் சுமார் 750 கோடி ஒளியாண்டுகள். வெறுங்கண்ணால் பார்க்கத்தக்க ஒன்று அவ்வளவு தொலைவில் இருந்ததாக அதற்கு முன் பதிவே இல்லை.

வேகத்தைப் பற்றி இவ்வளவு சொன்ன பின், பொறுமையைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 990123க்கே திரும்புவோம். அது எல்லாத் திசையிலும் சமமாக ஒளிர்ந்திருந்தால், சூரியனின் முழு நிறையையும் ஆற்றலாக மாற்றினாலும் கணக்கு நேராகாது. இதை நம்புவது கடினமாக இருந்தது. உலகின் பல மூலைகளிலிருந்து அதன் பின்னொளிர்வைத் தொடர்ந்து அளந்துவந்தார்கள், நைனிடாலின் 1.04 மீட்டர் தொலைநோக்கியும் அவற்றில் ஒன்று. இரண்டு நாட்கள் போனதும் மங்கும் வேகம் திடீரெனக் கூடியது. குறுகிய கற்றையாகப் பாயும் பொருள் வேகம் குறைந்து பக்கவாட்டில் விரியும்போது எதிர்பார்க்கக்கூடிய முறிவு இது. ஆற்றல் எல்லாப் பக்கமும் போகவில்லை, ஒரு கூம்புக்குள் போயிருக்கிறது; அந்தக் கூம்பின் வாயில் நாம் இருந்தோம். கணக்கு சில நூறு மடங்கு இறங்கி, இறக்கும் ஒரு பெரு விண்மீனால் கொடுக்கக்கூடிய அளவுக்கு வந்தது. நம்மைப் பார்க்காத கூம்புகள் எத்தனையோ இருக்க வேண்டும் என்பதும் இதிலிருந்தே விளங்குகிறது. 2003 மார்ச் 29 வெடிப்பில் மேலும் சில நாள் காத்திருந்தவர்களுக்கு, மங்கும் பின்னொளிர்வுக்கு அடியிலிருந்து ஒரு சூப்பர்நோவாவின் நிறமாலை மேலெழுந்து வந்தது. நீண்ட வெடிப்பு என்பது பெரு விண்மீனின் மரணம் என்ற கருத்து அன்றோடு உறுதியானது. புனே அருகே உள்ள ஜிஎம்ஆர்டி அந்த வெடிப்பின் ரேடியோ ஒளிர்வை வெகுகாலம் தொடர்ந்து அளந்தது.

குறுகியவற்றின் ரகசியம் உடைந்த நாள் 2017 ஆகஸ்ட் 17. இந்திய நேரம் மாலை 6:11. இறந்த பெரு விண்மீன்களின் மிக அடர்ந்த எச்சங்களான நியூட்ரான் விண்மீன்கள் இரண்டு சுழன்று இணையும் ஈர்ப்பலையை அமெரிக்காவின் லைகோ கருவிகள் பிடித்தன, 1.7 விநாடி கழித்து ஃபெர்மி செயற்கைக்கோள் ஒரு குறுகிய காமா கதிர் வெடிப்பைப் பதிவு செய்தது. ஆனால் லூசியானாவின் லைகோ தரவில் ஒரு கருவி இரைச்சல் குறுக்கிட்டிருந்தது. அதை நீக்கி, இத்தாலியின் விர்கோ தரவையும் சேர்த்து, தேட வேண்டிய பரப்பை 30 சதுர பாகை அளவுக்குச் சுருக்கிய வரைபடம் வெளியாக ஐந்து மணி நேரம் ஆனது. அப்போது இந்தியாவில் மணி இரவு 11:24. தேட வேண்டிய பகுதி, சூரியன் மறைந்த சில மணி நேரத்தில் தானும் மறைந்துவிடும் இடத்தில் இருந்ததால், இங்கே அது முன்பே அடிவானத்துக்குக் கீழே போய்விட்டது. வரைபடம் மாலையிலேயே கிடைத்திருந்தால் தேடும் வாய்ப்பு நம் இரவுக்கு இருந்திருக்கும். கடைசியில் சிலியில் இருட்டிய பிறகுதான் கண்டார்கள், அதுவும் ஒரு மீட்டர் விட்டமே உள்ள ஸ்வோப் தொலைநோக்கியில், வெடிப்புக்கு ஏறத்தாழ 11 மணி நேரம் கழித்து. அந்தக் குழு வானம் முழுவதையும் அலசவில்லை. அந்தத் தூரத்தில் இருக்கக்கூடிய விண்மீன் திரள்களின் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகப் படமெடுத்தது. 13 கோடி ஒளியாண்டு தொலைவில் என்ஜிசி 4993இல் புதிய புள்ளி இருந்தது. சில நாட்களில் அது நீலத்திலிருந்து சிவப்பாகியது: நியூட்ரான் விண்மீன்கள் இணையும்போது சிதறும் பொருளில் கன உலோகங்கள் உருவாகி ஒளிரும் கிலோநோவா. தங்கம் எங்கே பிறக்கிறது என்ற கேள்விக்கு வானிலிருந்து வந்த முதல் நேரடிப் பதில் அது. எக்ஸ் கதிர் ஒன்பது நாள் கழித்தும், ரேடியோ பதினாறு நாள் கழித்தும்தான் தெரிந்தன. கற்றை நம்மை நேராகப் பார்க்காமல் சற்று விலகியிருந்ததே காரணம்.

தீர்க்கரேகை இதில் எவ்வளவு முக்கியம் என்பதைப் பெரும்பாலோர் கவனிப்பதில்லை. பெரிய தொலைநோக்கிகள் சிலி, ஹவாய், கேனரித் தீவுகள் என்று சில இடங்களில் குவிந்திருக்கின்றன. வெடிப்பு எந்த நேரத்திலும் வரும். அவர்களுக்குப் பகலாக இருக்கும்போது வந்தால் முதல் மணி நேரங்கள் யாருக்கும் கிடைக்காது. கேனரித் தீவுகளுக்கும் ஆஸ்திரேலியாவுக்கும் நடுவே உள்ள அந்த நீண்ட இடைவெளியில்தான் நாம் இருக்கிறோம். லடாக்கின் ஹான்லேயில், கடல்மட்டத்திலிருந்து சுமார் 4,500 மீட்டர் உயரத்தில், 2 மீட்டர் இமயச் சந்திரா தொலைநோக்கியும், 0.7 மீட்டர் குரோத் இந்தியா தானியங்கித் தொலைநோக்கியும் இருக்கின்றன. முன்னதை பெங்களூரு அருகே ஹொசகோட்டையிலிருந்து செயற்கைக்கோள் இணைப்பில் இயக்குகிறார்கள். நைனிடால் அருகே தேவஸ்தலில் 3.6 மீட்டர் தொலைநோக்கி 2016 முதல் இருக்கிறது. 2021 டிசம்பர் 11 அன்று வந்த வெடிப்பு சுமார் 50 விநாடி நீடித்தது. பாடப்படி பெரு விண்மீன் மரணமாக இருக்க வேண்டும். ஆனால் பின்தொடர்ந்தபோது கிடைத்தது கிலோநோவா. தேவஸ்தலின் அளவீடுகளும் அந்த முடிவில் சேர்ந்திருக்கின்றன. 2 விநாடி எல்லை முப்பது ஆண்டுகள் பாடநூலில் இருந்தது; அதை ஆட்டிவைத்தது நீடித்த பின்தொடர்தல்தான்.

விண்வெளியில் நம் பங்கு ஆஸ்ட்ரோசாட். அதன் சிசட்டிஐ கருவியும் நிழல் பலகை முறையில் இயங்குவதே. 2015 அக்டோபர் 6 அன்று இயக்கிய முதல் நாளிலேயே ஒரு வெடிப்பைப் பிடித்தது. 2022க்குள் எண்ணிக்கை 500ஐத் தாண்டியது. அதன் தரவு உடனுக்குடன் தரைக்கு வருவதில்லை என்பதால் முதல் எச்சரிக்கை கொடுக்க அது உதவாது. அதன் வலிமை வேறு: காமா கதிரின் முனைவாக்கத்தை, அதாவது அதன் அலைகள் எந்தத் திசையில் அதிர்கின்றன என்பதை, அளப்பது. கற்றைக்குள் காந்தப்புலம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைத் தெரிந்துகொள்ள அதைவிட்டால் வழிகள் குறைவு.

அனுபவம் எவ்வளவு இருந்தாலும் வானம் ஏமாற்றும் என்பதற்கு 2022 அக்டோபர் 9 சாட்சி. அன்று ஸ்விஃப்ட் எச்சரிக்கை அனுப்பியபோது, புள்ளி பால்வீதித் தட்டையின் திசையில் இருந்ததாலும் மிகவும் பிரகாசமாக இருந்ததாலும், நம் திரளுக்குள்ளேயே இருக்கும் ஏதோ ஒரு பொருள் என்று முதலில் கருதினார்கள். ஆனால் அதற்கு 53 நிமிடம் முன்பே ஃபெர்மி அதே திசையில் ஒரு பெரும் வெடிப்பைப் பதிவு செய்திருந்தது. ஸ்விஃப்ட் கண்டது அதன் பின்னொளிர்வை. விஎல்டி எடுத்த நிறமாலை செம்பெயர்ச்சியை 0.151 என்றது. பூமியில் இப்படி ஒன்றைப் பதிவு செய்யும் வாய்ப்பு பத்தாயிரம் ஆண்டுக்கு ஒரு முறைதான் வரும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். ஃபெர்மி அதைப் பதிவு செய்த நேரம் நமக்கு மாலை 6:46. இரவு தொடங்கியதும் ஹான்லேயின் தொலைநோக்கிகள் அதைப் பின்தொடர்ந்தன. சீனாவின் சிச்சுவான் மலைமேல் பரந்து கிடக்கும் லாசோ கருவித்தொகுதிக்கு அந்தத் திசை அப்போது நேர் பார்வையில் இருந்தது. காமா கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது பொழியும் துகள்களைத் தரையில் பிடிக்கும் அது, திரும்ப வேண்டியதே இல்லாத கருவி. 64,000க்கும் மேற்பட்ட உயர் ஆற்றல் ஒளித்துகள்களைப் பதிவு செய்தது.

அந்த ஆற்றலில் வெடிப்புகளைப் பிடிக்க லா பால்மாவின் மேஜிக் தொலைநோக்கிகள் பதினைந்து ஆண்டுகள் முயன்றன. காமா கதிர் வளிமண்டலத்தில் மோதும்போது எழும் மெல்லிய ஒளிச் சிமிட்டலைப் பிடிப்பவை இவை. 17 மீட்டர் விட்டம். ஆனால் கார்பன் இழைச் சட்டத்தால் எடையைக் குறைத்து, வானின் எந்த மூலைக்கும் அரை நிமிடத்துக்குள் திரும்பும்படி கட்டியிருந்தார்கள். கட்டும்போதே மனதில் இருந்தது காமா கதிர் வெடிப்புதான். 2019 ஜனவரி 14 அன்று, வெடிப்பு தொடங்கி ஒரு நிமிடத்துக்குள் திரும்பி, அதுவரை யாரும் காணாத ஆற்றலில் ஒளித்துகள்களைப் பிடித்தார்கள். ஹான்லேயில் 2024 அக்டோபரில் திறக்கப்பட்ட 21 மீட்டர் மேஸ் தொலைநோக்கியும் இதே இனம்.

ஸ்விஃப்ட்டுக்கு வயது இருபதைத் தாண்டிவிட்டது. அதில் உந்து இயந்திரம் இல்லை. சூரியனின் செயல்பாடு கூடியதால் மேல்வளி அடர்ந்து, சுற்றுப்பாதை தாழ்ந்துகொண்டே வந்தது. இன்னொரு விண்கலத்தை அனுப்பி அதைப் பிடித்து மேலே தூக்க நாசா 2025 செப்டம்பரில் ஒரு தனியார் நிறுவனத்தோடு 3 கோடி டாலருக்கு ஒப்பந்தம் செய்தது. பழைய கருவிக்காக இவ்வளவு சிரமமா என்று கேட்பவர்களுக்கு மேலே சொன்ன கணக்கே பதில். பூமியின் தொலைநோக்கிகள் எங்கே பார்க்க வேண்டும் என்பதை ஒன்றரை நிமிடத்தில் விகலைத் துல்லியத்தில் சொல்லும் கருவிகள் மிகக் குறைவு. சீனாவின் ஐன்ஸ்டைன் புரோபும், பிரான்சும் சீனாவும் சேர்ந்து 2024 ஜூனில் ஏவிய எஸ்விஓஎம்மும் இப்போது துணைக்கு வந்திருக்கின்றன. எஸ்விஓஎம் தன் எச்சரிக்கையைப் பெற வெப்பமண்டலத்தைச் சுற்றிச் சுமார் 50 சிறு ஆன்டெனாக்களை நிறுவியிருக்கிறது. எங்கே பறந்தாலும் கீழே கேட்க ஒன்று இருக்கும்.

2025 மார்ச் 14 அன்று எஸ்விஓஎம் ஒரு வெடிப்பைக் கண்டது. ஒன்றரை மணி நேரத்தில் ஸ்விஃப்ட் அதன் எக்ஸ் கதிர் இடத்தைக் குறித்தது. பதினோரு மணி நேரம் கழித்து லா பால்மாவின் நார்டிக் தொலைநோக்கி அகச்சிவப்பில் பின்னொளிர்வைக் கண்டது. கண்ணுக்குத் தெரியும் ஒளி அங்கிருந்து நம்மை வந்தடைவதே இல்லை, வழியிலுள்ள ஹைட்ரஜன் அதை விழுங்கிவிடும். இன்னும் நான்கு மணி நேரத்தில் விஎல்டி தூரத்தைச் சொன்னது: செம்பெயர்ச்சி சுமார் 7.3, பெருவெடிப்புக்கு ஏறத்தாழ 73 கோடி ஆண்டுகளுக்குப் பின். அதன் பிறகு அவசரம் எதுவும் இல்லை. ஜேம்ஸ் வெப் தொலைநோக்கியை அந்த இடத்துக்கு ஜூலை 1 அன்றுதான் திருப்பினார்கள். வெடித்த விண்மீனின் சூப்பர்நோவா உச்சத்துக்கு வர இரண்டு வாரம் போல ஆகும். பிரபஞ்ச விரிவால் அந்தத் தூரத்து நேரம் நமக்கு எட்டு மடங்குக்கு மேல் நீண்டு தெரிகிறது. எனவே இங்கே நூற்றுப் பத்து நாட்கள் கழிந்தபோது அங்கே பதின்மூன்று நாட்களே ஆகியிருந்தன. சூப்பர்நோவா கணக்கிட்ட இடத்தில், கணக்கிட்ட நேரத்தில் இருந்தது. பிரபஞ்சம் நூறு கோடி வயதைக்கூட எட்டாத காலத்து விண்மீன் ஒன்றின் அந்த வெடிப்பு, நம் அருகில் இப்போது இறக்கும் விண்மீன்களின் வெடிப்பைப் போலவே தோன்றியது. முதல் விண்மீன்கள் வேறு மாதிரி இருந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்த்தவர்கள் இப்போது அதை விளக்க முயன்றுகொண்டிருக்கிறார்கள்.